வால்பாறைக்கு வேன் பிடிப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன வாரம் அக்கா மகன் வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினான். அவனோடு வேலை செய்கிற 16 பேர், ஒரு டெம்போ டிராவலர், ஞாயிற்றுக்கிழமை, வால்பாறை. "சித்தி, சரியா இருக்குதான்னு ஒருக்கா பாருங்க" என்றான்.

அதிகாலை 3 மணிக்குக் கோவை சிங்காநல்லூரில் கிளம்புவது. ஆழியாறு அணை, குரங்கு அருவி, ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட், அட்டகட்டி, பாலாஜி கோயில், கூழாங்கல் ஆறு, நல்லமுடி பூஞ்சோலை, சோலையாறு அணை, சின்னக்கல்லார், நீரார் அணை. இரவு 11 மணிக்கு வீடு.

படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 12 வருடத்துக்கு முன் நான் எழுதிய காகிதமும் இதுதான். கையெழுத்து மட்டும்தான் வேறு. எங்கள் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வருடத்துக்கு ஒன்றிரண்டு வேன் பயணம் போட ஆரம்பித்து 14 வருடம் ஆகிறது. வால்பாறை, ஊட்டி, ஏற்காடு, கொல்லிமலை என்று கோவையிலிருந்து எட்டுகிற மலைகளுக்கெல்லாம் போய் வந்தாயிற்று. அவனிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஸ்வெட்டர், குடை, அட்டை கடித்தால் போட உப்பு, முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதெல்லாம் கிளம்புகிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

பத்து இடத்தை ஒரு நாளில் அடுக்குவது

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர்தான். சமவெளியில் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வேனில் இரண்டரை மணி நேரம் பிடிக்கும், முன்னால் லாரி மாட்டினால் அதற்கும் மேல்.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. 16, 17 பேர் ஓர் இடத்தில் இறங்கி, திரும்ப ஏறி, "எல்லாரும் வந்தாச்சா" என்று எண்ணி முடிக்கவே 20 நிமிடம் ஆகும். பத்து இடம் என்றால் 200 நிமிடம். மூன்றேகால் மணி நேரம் வெறுமனே ஏறி இறங்குவதிலேயே போய்விடும். அப்புறம் எதைப் பார்ப்பது? படியில் நின்றபடி படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியதுதான்.

மூன்று இடம் போதும். உயரத்திலிருந்து பார்க்க ஒன்று, தண்ணீர் ஓரம் ஒன்று, சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார ஒன்று. தேயிலைத் தோட்டத்து மேட்டில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால், பனிமூட்டம் ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்கு நகர்வதைப் பார்க்கலாம். எங்கள் தெருப் பாட்டிகள் இன்றைக்கும் பேசுவது அதைப் பற்றித்தான். எந்த அணையின் பெயரும் அவர்களுக்கு நினைவில்லை.

பொள்ளாச்சியில் பொங்கல் சாப்பிடுவது

பயணம் என்றாலே காலையில் ஓட்டலில் நெய் வழியும் பொங்கல், வடை, மேலே ஒரு காபி. அது முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வளைவுகள் ஆரம்பிக்கும். பதினைந்தாவது வளைவுக்குள் முதல் ஆள் வாயைப் பொத்துவார். ஒருவர் எடுத்தால் அந்த வாடைக்கே பின்னால் நான்கு பேர் எடுப்பார்கள்.

வெறும் வயிறும் கூடாது. இரண்டு இட்லி, சட்னி, அவ்வளவுதான். வாந்தி வருகிற ஆட்களுக்குத் தாங்கள் அப்படிப்பட்டவர்கள் என்பது நன்றாகத் தெரியும். கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லமாட்டார்கள். முந்தின நாளே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு, அவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். மாத்திரை போடுகிற பழக்கம் உள்ளவர்கள் மலை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். கடைசி வரிசை யாருக்கும் ஆகாது. அங்கே பைகளை வையுங்கள்.

டிரைவர் எப்போது தூங்கினார் என்று கேட்காதது

இதைத்தான் நிறைய எழுதப்போகிறேன். 12 வருடம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

அது வைகாசி மாதம். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. வேன் பேசும்போது நான் கேட்காத கேள்வி இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏ.சி. வேலை செய்யுமா, புஷ்பேக் சீட்டா, பாட்டு கேட்குமா, ஸ்டெப்னி இருக்கிறதா, எல்லாம் கேட்டேன். ஞாயிறு அதிகாலை மூன்றரைக்கு வரச் சொன்னால் 3.25க்கே வண்டி தெருமுனையில் நின்றது. கழுவின தண்ணீர் இன்னும் சக்கரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "பரவால்லியே, டைமுக்கு வந்துட்டாரு" என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

சாப்பாட்டுக் கூடையை வைக்க முதலில் ஏறியது நான்தான். டேஷ்போர்டில் ஒரு மஞ்சப்பை. தேங்காயின் குடுமி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது சீட் இடுக்கில் வாடிப்போன மல்லிகைச் சரம். கால் வைக்கிற இடத்தில் மஞ்சள் அரிசி சிதறிக் கிடந்தது. கழுவும்போது உள்ளே கூட்ட நேரமில்லை போலிருக்கிறது. அட்சதை. "நல்ல சகுனம்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. நானும் அதைக் கையால் ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கூடையை வைத்தேன்.

அந்த மஞ்சப்பையும் பூவும் அரிசியும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இந்த டிரைவர் பையன் கல்யாண ட்ரிப்பிலிருந்து நேரே வந்திருக்கிறான். வெள்ளி இரவு பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு தாராபுரம் போயிருக்கிறார். சனி காலை முகூர்த்தம். மதியம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து, சாயங்காலம் வரவேற்புக்கு ஆள் ஏற்றி இறக்கி, கடைசி ஆளைச் சூலூரில் விட்டபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வண்டியைக் கழுவியிருக்கிறார், எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். இரண்டு ராத்திரி படுக்கவில்லை. இதெல்லாம் எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

மேலே ஏறும்போது ஒரு குறையும் இல்லை. அருமையாக ஓட்டினார். கூழாங்கல் ஆற்றோரம் மரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் இருந்தோம். அந்த இரண்டு மணி நேரமாவது அவர் கண்ணை மூடியிருக்கலாம். நாங்கள் விடவில்லை. ஒரு பையனுக்குப் பந்து வேண்டும், ஒருவருக்குப் போன் சார்ஜ் போட வேண்டும், இன்னொருவருக்குப் பையிலிருந்து துண்டு வேண்டும். நான் மட்டும் மூன்று தடவை போய்க் கதவைத் தட்டினேன். தயிர்சாதத் தூக்குக்கு ஒரு தடவை, பாய்க்கு ஒரு தடவை, தட்டுக்கு ஒரு தடவை. மூன்று தடவையும் "இதோங்கக்கா" என்று எழுந்து வந்தார். கண் சிவந்திருந்ததைப் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். அட்டகட்டி தாண்டினதும் ஒரு வாடை. இரும்பும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற வாடை. வெளியே யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்றார் ஒருவர். அது எங்கள் பிரேக். மலையில் ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியரில் இறங்க வேண்டும். வண்டியை என்ஜினே பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். ஆனால் அதற்கு வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும். 40 வளைவு, அதற்கு முன் தேயிலைக் காட்டு வளைவுகள் வேறு. தூக்கம் கெட்ட உடம்பு அதைச் செய்யாது. கியரை அப்படியே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும். பிரேக் லைனிங் சூடேறினால் பிடிப்பு குறையும். இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டிவரும், இன்னும் சூடேறும்.

22ஆவது வளைவு. எண் எழுதின பலகை முன்னால் வருவது எனக்குத் தெரிந்தது. வண்டி திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன், தாடை தொங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரும் நல்ல தூக்கம். கீழேயிருந்து ஏறி வந்த அரசுப் பேருந்து ஹாரனை அமுக்கிப் பிடித்தது. அந்தச் சத்தத்தில் விழித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். இடது பக்கம் முழுக்கத் தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டு போய் வண்டி நின்றது. பக்கக் கண்ணாடி போய்விட்டது, இரண்டு ஜன்னல் நொறுங்கியது, ஒரு குழந்தைக்கு உதடு கிழிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் மரத்தின் உச்சிகள் எங்கள் கண் மட்டத்தில் இருந்தன.

கீழே இறங்கிச் சுவரோரம் நின்றுகொண்டு, "கண்ணு இழுத்துருச்சுங்கக்கா, வெள்ளிக்கெழம ராத்திரியிருந்து படுக்கலீங்க" என்றார். வயது 26, 27தான் இருக்கும். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து வேறு வண்டி வரவழைத்து வீடு சேர்ந்தபோது ராத்திரி ஒரு மணி. வேன் வாடகை 9,500 ரூபாய். டிங்கரிங், பெயின்ட் என்று வேன் முதலாளியான வண்டிக்காரர் வந்து நின்றபோது நாங்கள் பங்கு போட்டுக் கொடுத்தது 18,000. பணம் போனது பெரிதல்ல. அந்தப் பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆட்களும் வண்டிக்காரரும் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை, "டிரைவர் சரியில்லை." இன்றைக்கும் யார் எந்த விபத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் வருவது இந்த வார்த்தைதான். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரை இரண்டு ராத்திரி தூங்கவிடாமல் மூன்றாவது ட்ரிப்புக்கு அனுப்பியவர் வண்டிக்காரர். மூன்றரை மணிக்கு வா என்றது நான். மதியம் கதவைத் தட்டியதும் நான்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த, 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்திருந்தது. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. 3 மணிக்குக் கிளம்பி 11 மணிக்கு வீடு என்று காகிதத்தில் எழுதும்போதே 20 மணி நேரத்தை ஓர் ஆளின் தலையில் வைக்கிறோம்.

அதற்குப் பிறகு நான் செய்வதைச் சொல்கிறேன்.

தேதி குறிப்பதற்கு முன் காலண்டரில் முகூர்த்த நாள் பார்ப்பேன். சனியோ ஞாயிறோ வளர்பிறை முகூர்த்தமாக இருந்தால் அந்த வாரம் வேண்டாம். வாடகையும் அன்று ஏறியிருக்கும், டிரைவர்களும் தூங்கியிருக்கமாட்டார்கள். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் இது ரொம்ப முக்கியம்.

வண்டிக்காரரிடம் பேசுவதோடு நிறுத்தாமல் டிரைவரின் நம்பரை வாங்கி, இரண்டு நாள் முன்பே அவரிடம் நேரே பேசுவேன். "முந்தின நாள் என்ன ட்ரிப் தம்பி, எத்தனை மணிக்கு ஷெட்டுக்கு வருவீங்க?" ஒளித்துப் பேசுகிறவர்கள் குறைவு. உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். இரவு 9 மணிக்கு மேல் என்றால் வேறு டிரைவர் கேட்பேன். இல்லையென்றால் வேறு வண்டி.

கிளம்புவது ஐந்தரை மணிக்கு. ஏழரைக்கு ஆழியாறு, பத்து மணிக்குள் மேலே. மதியம் சாப்பிட்டதும் ஒன்றரை மணி நேரம் வண்டி டிரைவருக்கு மட்டும். எல்லோரும் வேண்டியதை முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகு கதவைத் தொடக் கூடாது. இதைக் கிளம்பும்போதே சத்தமாகச் சொல்லிவிடுவேன். மூன்றரைக்கெல்லாம் இறங்க ஆரம்பித்தால் வெளிச்சத்திலேயே ஆழியாறு தாண்டிவிடலாம். டிரைவர் பக்கத்து சீட்டில் தூங்காத ஆளாகப் பார்த்து ஒருவரை உட்கார வைப்பேன். மலையில் பாட்டுச் சத்தம் பாதியாகக் குறைய வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற பஸ்ஸின் ஹாரன் அவர் காதில் விழுந்தாக வேண்டும்.

ராத்திரி தங்குகிற பயணம் என்றால் டிரைவருக்கும் கட்டில், கம்பளி. அறை பிடிக்கும்போதே அவரையும் ஓர் ஆளாகச் சேர்த்து எண்ணுங்கள். டிசம்பர் குளிரில் வேன் சீட்டில் சுருண்டு படுத்தவர் மறுநாள் காலை உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கப்போகிறார். சாப்பாட்டுக்கும் அப்படித்தான். நாம் சாப்பிடுகிற நேரத்திலேயே, நம் மேசையிலேயே. பேட்டா கொடுத்துவிட்டோமே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

17 சீட்டுக்கு 17 பேர்

14 பேரோடு நிறுத்துங்கள். மிச்சம் மூன்று சீட் பைக்கும், உடம்பு முடியாமல் போகிறவர் சாயவும்.

வாடகையை வாய்ப் பேச்சோடு விடுவது

"நாள் வாடகை இவ்வளவு" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சரி என்றுவிடுகிறார்கள். கேட்க வேண்டியவை வேறு. கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படும்? பெரும்பாலும் ஷெட் டு ஷெட், அதாவது வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்ப ஷெட் சேரும் வரை. ஷெட் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தால் போக வர 40 கிலோமீட்டர் உங்கள் கணக்கில் ஏறும். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள், மலைக்குத் தனி சார்ஜ் உண்டா, பேட்டா நாளுக்கா ராத்திரிக்கும் சேர்த்தா, டோல், பார்க்கிங் யார் தலையில்? எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைந்த வாடகை என்று வெள்ளை போர்டு வண்டி எடுக்காதீர்கள். மஞ்சள் போர்டு மட்டும்தான். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கேட்டுப் போய் நிற்க முடியாது.

பணத்தைப் பயணம் முடிந்து வசூலிப்பது

17,000 ரூபாய் வாடகை, 17 பேர், தலைக்கு ஆயிரம் என்று பேசியிருப்பீர்கள். முந்தின ராத்திரி நான்கு பேர் "வர முடியலீங்க" என்பார்கள். வேன் வாடகை குறையாது. மிச்சம் 13 பேருக்குத் தலைக்கு 1,300 ரூபாய்க்கு மேல் விழும். வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், கடைசியில் ஏற்பாடு செய்தவர் கையிலிருந்து போகும். முழுத் தொகையையும் பத்து நாள் முன்பே வாங்கிவிடுங்கள். வராவிட்டால் சாப்பாட்டுப் பணம் மட்டும் திரும்பும், வேன் பங்கு திரும்பாது என்று முதல் நாளே சொல்லுங்கள். உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கும். சொல்லாமல் விட்டால் வருகிற சங்கடம் இதைவிடப் பெரிது.

"அப்படியே அதிரப்பள்ளி"

மேலே போனதும் யாராவது கட்டாயம் கேட்பார்கள். வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை வழியாக 75 கிலோமீட்டருக்கு மேல், அதில் பெரும்பகுதி காடு. சோதனைச்சாவடியில் நேரக் கட்டுப்பாடு. வண்டிக்குக் கேரள பெர்மிட்டும் வரியும் வேண்டும். அது தனிப் பயணம்.

ஆற்றில் இறங்குவது

வேண்டாம். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் குளிக்க இறங்கிய கல்லூரி மாணவர்கள் 5 பேர் இறந்துபோனார்கள். மேலே பெய்கிற மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. பாறைக்கு அடியில் பள்ளம் இருப்பதும் தெரியாது. கரையில் உட்கார்ந்து கால் நனைத்தால் போதும்.

குரங்குக்கு பிஸ்கட்

புதுத்தோட்டம் பக்கம் சாலையைக் கடக்கும் சிங்கவால் குரங்குகள் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் வண்டிச் சக்கரத்தில் மாட்டுகிறது. ஜன்னலைச் சாத்தியபடியே பாருங்கள்.

இருட்டில் மலையில் இருப்பது

இது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. 2025 பிப்ரவரியில் டைகர் வேலி அருகே, சாலையோரம் நின்ற யானையைத் தாண்டிப் போக முயன்ற ஜெர்மனிக்காரர் ஒருவர் அந்த யானை தாக்கி இறந்தார். பைக்கில் போனவர் அவர். வேனில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், யாரும் இறங்காதீர்கள். அது போகும் வரை காத்திருங்கள், ஒரு மணி நேரமானாலும் சரி. வால்பாறைச் சுற்றுவட்டாரத்தில் சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். அதை டிரைவருக்கும் சொல்லிவையுங்கள்.

இ-பாஸ்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இருப்பதுபோல, வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் வந்திருக்கிறது. பதிவு செய்ய வண்டி எண் வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. எண்ணை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருப்பதால், கடைசி நேரத்தில் வேறு வண்டியை அனுப்பிவைப்பது வண்டிக்காரருக்கு அவ்வளவு சுலபமில்லை.

அக்கா மகன் என் எதிரில் உட்கார்ந்தே டிரைவருக்குப் போன் போட்டான். சனிக்கிழமை ராத்திரி பல்லடத்துக்கு ஒரு வரவேற்பு ட்ரிப் இருக்கிறது, முடித்துவிட்டு நேரே வந்துவிடுகிறேன் என்றார் அவர். பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு, காகிதத்தில் ஏழு இடங்களை அடித்தான். நல்லமுடி பூஞ்சோலையை மட்டும் விட மனசில்லை. அங்கே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்றேன்.